லிஸ்தான் நெக்ரோ: கேனரித் தீவுகளின் சிவப்பு ஒயினைச் சுவைக்கும் முறை, அதற்கேற்ற உணவு

சிவப்பு ஒயினை அறை வெப்பத்தில் பரிமாற வேண்டும் என்று ஒரு பழைய விதி உண்டு. கேனரித் தீவுகளின் சிவப்பு ஒயினைக் கெடுக்க அந்த விதி ஒன்றே போதும். வீடு முழுவதும் சூடேற்றும் வசதி வராத காலத்து ஐரோப்பிய வீடுகளுக்காகச் சொன்னது அது; அங்கே அறை வெப்பம் என்றால் 16, 17 டிகிரி. 28 டிகிரியில் திறந்த லிஸ்தான் நெக்ரோவில் ஆல்கஹால் மூக்கைக் குத்தும், பழமணம் கொதித்த ஜாம் மணமாகிவிடும், புளிப்பு மட்டும் தனியே துருத்தி நிற்கும். இரண்டாவது தவறு, சிவப்பு என்றாலே கனம் என்று எண்ணி இதைப் பெரிய மாட்டிறைச்சித் துண்டோடு வைப்பது. இது இலேசான ஒயின். புளிப்பு, மிளகு மணம், கடைசியில் மெல்லிய உவர்ப்பு, இவைதான் இதன் பலம். குளிரவைத்து, உப்பும் பூண்டும் புகையும் உள்ள தட்டோடு வைத்தால்தான் அந்தப் பலம் வெளியே வரும்.

பாட்டிலுக்குள் இருப்பது என்ன

கேனரித் தீவுகள் ஸ்பெயினுக்குச் சொந்தமானவை. ஆனால் கிடப்பது மொராக்கோ கரைக்கு எதிரே, அட்லாண்டிக்கில், ஏறத்தாழ 28 டிகிரி வட அட்சத்தில். ஐரோப்பிய ஒயின் நாடுகள் எல்லாவற்றையும்விட இவை மிகத் தெற்கே இருக்கின்றன. அந்த வெயிலில் நல்ல புளிப்புள்ள திராட்சை எப்படி விளைகிறது? ஒன்று உயரம். தெனெரிஃபே தீவின் நடுவே தெய்தே எரிமலை 3,715 மீட்டர் நிற்கிறது. அதன் சரிவுகளில் கடலோரம் தொடங்கி 1,000 மீட்டருக்கு மேலும் தோட்டங்கள் உண்டு. இன்னொன்று வடகிழக்கிலிருந்து வீசும் வணிகக் காற்று. அது கொண்டுவரும் மேகம் தீவின் வடக்குச் சரிவில் முட்டி நின்று வெயிலைத் தணிக்கிறது. தெற்குச் சரிவு காய்ந்து கிடக்கும். ஆகவே ஒரே தெனெரிஃபேயில் வடக்கு ஒயினும் தெற்கு ஒயினும் இரண்டு ஊர் ஒயின்கள் போலவே இருக்கும்.

19-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியத் திராட்சைத் தோட்டங்களை அழித்த ஃபைலோக்சரா பூச்சி அப்போது இந்தத் தீவுகளை எட்டவில்லை. அதனால் இங்குள்ள பழைய கொடிகள், அந்தப் பூச்சியைத் தாங்கும் அமெரிக்க வேரில் ஒட்டுப் போடாமல் தங்கள் சொந்த வேரிலேயே நிற்கின்றன. நூறு வயது தாண்டிய கொடிகளும் உண்டு. (2025-இல் தெனெரிஃபேயின் வடக்கே அந்தப் பூச்சி தென்பட்டிருப்பது கவலைக்குரிய செய்தி.) ஒரொதாவா பள்ளத்தாக்கில் கொடிகளைப் பின்னல் போலச் சேர்த்து முறுக்கி, தரைக்கு மேலே பல மீட்டர் நீளத்துக்குப் படுக்கையாக ஓட்டுவார்கள். கொர்தோன் த்ரென்சாதோ என்று பெயர். அறுவடை முடிந்ததும் அந்த நீண்ட கொடிக்கற்றையை ஒரு பக்கமாக ஒதுக்கிவிட்டு, அதே நிலத்தில் உருளைக்கிழங்கு போடலாம். ஒயினும் கிழங்கும் ஒரே துண்டு நிலத்தில் வளர்ந்தவை. தட்டிலும் அவை சேர்வதில் வியப்பில்லை.

லான்சரோட்டே தீவின் கதை வேறு. 1730 முதல் 1736 வரை திமான்ஃபாயா பகுதி எரிமலைகள் வெடித்து நல்ல விளைநிலத்தை மூடின. லா ஹேரியா பகுதி மக்கள் கரிய எரிமலைச் சரளையில் பள்ளம் தோண்டி, அடியில் இருந்த பழைய மண்ணை எட்டி, பள்ளத்துக்கு ஒன்றாகக் கொடி நட்டார்கள். காற்றைத் தடுக்கப் பிறை வடிவில் கல் அடுக்கினார்கள். மேலே கிடக்கும் சரளை ஈரத்தை உள்ளே விட்டு, ஆவியாகாமல் காக்கும். இங்கே மால்வசியா என்ற வெள்ளைத் திராட்சைதான் பேர்பெற்றது. சிவப்பு குறைவு, ஆனால் கிடைத்தால் விடாதீர்கள்.

"எரிமலைச் சுவை" என்று விற்பனையாளர்கள் சொல்வதைப் பற்றி ஒரு வார்த்தை. பாறை கரைந்து வேர் வழியாக ஏறிக் கிளாஸுக்கு வருவதில்லை. பாறைக்கு மணமே கிடையாது. கொடி உறிஞ்சும் தாது உப்புகள் நாக்கில் தெரியும் அளவுக்கு ஒயினில் சேர்வதும் இல்லை. நாம் புகை, தீக்குச்சி, வெடிமருந்து என்று உணரும் மணம் பெரும்பாலும் கந்தகச் சேர்மங்களுடையது. திராட்சைச் சாற்றில் நைட்ரஜன் சத்து குறைந்தால் ஈஸ்ட் திணறும், திணறும்போது கந்தக மணங்களை வெளியிடும். மண்ணுக்கும் மணத்துக்கும் தொடர்பு உண்டு, ஆனால் அது இப்படிச் சுற்றுவழியில் வருவது. இதைத் தெரிந்துவைத்தால்தான் எந்தப் புகைமணம் குணம், எந்தப் புகைமணம் குறை என்று பிரிக்க முடியும்.

லேபிளில் பார்க்க வேண்டியவை

லிஸ்தான் நெக்ரோ என்ற பெயர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். தீவுகளின் முதன்மையான சிவப்புத் திராட்சை அதுதான். கூடவே நெக்ரமோல், தின்தீயா, பிஹாரியேகோ நெக்ரோ, பபோசோ நெக்ரோ என்ற பெயர்களும் வரும். நெக்ரமோல் கலந்தால் ஒயின் மென்மையாகும், நிறம் வெளிறும். பபோசோ நெக்ரோ கலந்தால் நிறமும் மணமும் கூடும். லிஸ்தான் பிரியேத்தோ வேறொரு திராட்சை, பெயர் ஒற்றுமையில் குழம்ப வேண்டாம். சிலியில் பாயிஸ் என்றும் கலிஃபோர்னியாவில் மிஷன் என்றும் அழைக்கப்படுவது அதுவே.

அடுத்து, அதிகாரபூர்வமாக அங்கீகரிக்கப்பட்ட விளைபகுதி. தெனெரிஃபேயில் மட்டும் ஐந்து உண்டு: தகொரொந்தே-அசெந்தேஹோ, ஒரொதாவா பள்ளத்தாக்கு, இகோதென்-தௌதே-இசோரா, குய்மார் பள்ளத்தாக்கு, அபோனா. தீவுகளில் முதலில் இந்தத் தகுதியைப் பெற்றது தகொரொந்தே-அசெந்தேஹோ, 1992-இல். முதல் பாட்டில் வாங்குகிறவர்கள் ஒரொதாவாவிலோ தகொரொந்தேயிலோ தொடங்குங்கள். புகையும் மிளகும் தெளிவாகத் தெரியும் ஒயின்கள் அங்கிருந்தே அதிகம் வருகின்றன. சுவெர்த்தெஸ் தெல் மார்கேஸ் நிறுவனத்தின் "7 ஃபுவெந்தெஸ்" வெளிநாடுகளில் ஓரளவு கிடைக்கக்கூடியது, ஒரொதாவாவின் குணத்தைக் காட்டவும் ஏற்றது.

மூன்றாவது, செய்முறை. "மசெரசியோன் கர்போனிகா" என்று எழுதியிருந்தால், கொத்தை நசுக்காமல் கார்பன் டை ஆக்சைடு நிறைந்த மூடிய தொட்டியில் போட்டுப் பழத்துக்குள்ளேயே நொதிக்கவிட்டது என்று பொருள். துவர்ப்பு மிகக் குறைவு, செர்ரி, வாழைப்பழ மணம் தூக்கலாக இருக்கும். ஒன்றிரண்டு ஆண்டுக்குள் குடித்துவிட வேண்டும். "பர்ரிகா" என்றால் மரப்பீப்பாயில் கிடந்தது. பீப்பாயின் வனிலா மணம் இந்த ஒயினின் மிளகை எளிதில் மூடிவிடும், ஆகையால் புதுப் பீப்பாயைப் பெருமையாக எழுதியிருக்கும் பாட்டிலை முதல் முறைக்கு வாங்காதீர்கள். ஆல்கஹால் 12 முதல் 13.5 சதவீதம் வரை இருப்பது நல்லது. 14-ஐத் தாண்டினால் காரமான உணவோடு சிக்கல் வரும். ஏன் என்பது பின்னால்.

லா பால்மா தீவில் "வினோ தெ தேயா" என்று ஒன்று உண்டு. கேனரி பைன் மரத்தின் பிசின் ஊறிய நடுமரத்தில் செய்த பீப்பாயில் வைத்தது; பிசின் மணம் ஓங்கியிருக்கும். பழகியவர்களுக்கு அது அமுது. மற்றவர்கள் ஒரு கிளாஸ் வாங்கிப் பார்த்துவிட்டுப் பாட்டிலைப் பற்றி யோசிக்கலாம்.

குளிர்விப்பது

பழத்தொட்டி முறையில் (மசெரசியோன் கர்போனிகா) செய்தது 12 டிகிரி, சாதாரண லிஸ்தான் நெக்ரோ 14 முதல் 15, ஒற்றைத் தோட்டத்துப் பழங்கொடி (பழைய கொடி) ஒயின் 16. இந்த அளவுகளுக்கு மேல் போவதைவிட இரண்டு டிகிரி கீழே போவது மேல், ஏனென்றால் கிளாஸில் தானாகவே சூடேறும்.

30 டிகிரி அறையில் இருந்த பாட்டிலை ஃபிரிட்ஜின் நடுத்தட்டில் படுக்கவைத்தால் 15 டிகிரிக்கு வர ஏறக்குறைய 2 மணி நேரம் ஆகும். 22 டிகிரி அறை என்றால் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். அவசரம் என்றால் வாளியில் பாதி ஐஸ், பாதி தண்ணீர், ஒரு கைப்பிடி உப்பு. பாட்டில் கழுத்து வரை மூழ்க வேண்டும், 10 முதல் 12 நிமிடம். தண்ணீர் இல்லாமல் வெறும் ஐஸில் நட்டு வைத்தால் இரட்டிப்பு நேரம் எடுக்கும், ஐஸ் கட்டிகளுக்கு நடுவே இருப்பது காற்று என்பதால். ஃபிரீசரில் வைத்து மறந்துவிட்டால் கார்க் மேலே தள்ளப்படும், பாட்டில் வெடிக்கவும் கூடும். சமையலறை வெப்பமானி ஒன்று இருந்தால் முதல் ஊற்றில் நட்டுப் பாருங்கள். ஊகத்தை அது திருத்தும்.

ஒரு முறைக்கு 75 முதல் 100 மி.லி. வரை மட்டும் ஊற்றுங்கள். வெப்பமான அறையில் நிறைகிளாஸ் கால் மணிக்குள் சூடேறிவிடும். பாட்டிலை ஃபிரிட்ஜுக்கோ ஐஸ் வாளிக்கோ திருப்பி அனுப்பிவிடுங்கள்.

திறந்ததும் முதல் மூச்சு

கிளாஸைச் சுழற்றுவதற்கு முன்பே ஒரு முறை முகர வேண்டும். இந்த ஒயினில் அந்த முதல் மூச்சுதான் மிக முக்கியமான தகவலைத் தரும்.

உரசிய தீக்குச்சி, அணைந்த அடுப்பு, மெல்லிய புகை வந்தால் பிரச்சினை இல்லை. அதுவே வடக்குத் தெனெரிஃபேயின் கையொப்பம். அழுகிய முட்டை, அவிந்த முட்டைகோஸ், எரிந்த ரப்பர் வந்தால் கந்தகச் சேர்மம் அளவு மீறிவிட்டது. உடனே தூக்கி எறிய வேண்டாம். ஒயினை அகன்ற ஜாடிக்கு ஒரு சாண் உயரத்திலிருந்து கொட்டி, 20 முதல் 30 நிமிடம் விட்டு மறுபடி முகருங்கள். பெரும்பாலும் போய்விடும். போகவில்லை என்றால் செம்புச் சோதனை: உறை நீக்கிய மின்சாரச் செம்புக் கம்பி 5, 6 செ.மீ. எடுத்து, உப்பும் வினிகரும் சேர்த்துத் தேய்த்து, நன்றாக அலசி, ஒரு கிளாஸ் ஒயினில் அரை நிமிடம் கலக்குங்கள். செம்பு கந்தகத்தைப் பிடித்துக்கொள்ளும். அந்தக் கிளாஸில் நாற்றம் மறைந்து பழமணம் தலைகாட்டினால், மீதிப் பாட்டிலுக்கு இன்னும் ஒரு மணி நேரக் காற்று கொடுக்கலாம். கம்பி போட்ட கிளாஸைக் குடிக்காமல் கொட்டிவிடுங்கள், அது சோதனைக்கு மட்டும். எதுவும் மாறவில்லை என்றால் அந்த ஒயின் திருந்தாது.

புகையோடு குழப்பிக்கொள்ளும் வேறு இரண்டு குறைகள் உண்டு. குதிரை லாயம், மருந்துப் பிளாஸ்திரி மணம் வந்தால் அது பிரெட்டனோமைசிஸ் என்ற காட்டு ஈஸ்ட்டின் வேலை. காற்று பட்டால் குறையாது, கூடும். நனைந்த அட்டைப்பெட்டி, பூஞ்சணம் பிடித்த பழைய காகித மணம் வந்தால் கார்க் கெட்டது. கடைக்குத் திருப்பித் தர முழு உரிமை உண்டு. லேசான கார்க் கேடு மணமாகத் தெரியாமல், பழமணம் எல்லாம் வடிந்துபோய் ஒயின் ஊமையாக மட்டும் இருக்கும். இரண்டாவது பாட்டில் கைவசம் இருந்தால் ஒப்பிட்டால்தான் பிடிபடும்.

மிக இளைய, மென்மையான ஒயினை "காற்றாடட்டும்" என்று முதலிலேயே ஜாடியில் கொட்டிவிடுவது வீண். பழத்தொட்டி முறை ஒயினின் பழமணம் அரை மணியில் ஓடிவிடும். முகர்ந்து பார்த்து, தேவை இருந்தால் மட்டும் கொட்டுங்கள்.

சுவைக்கும் வரிசை

கிளாஸ்: வாய் குறுகி வயிறு அகன்றது, 350 முதல் 450 மி.லி. கொள்ளளவு. பர்கண்டிக்கான பெரிய பந்து வடிவக் கிளாஸ் வேண்டாம். அதில் ஒயின் சீக்கிரம் சூடேறும், ஆல்கஹால் மேலே வரும். சோப்பு வாசனை, அலமாரி வாசனை இல்லாததாக இருக்க வேண்டும். இதில் பலர் தவறுகிறார்கள். கழுவிக் கவிழ்த்த கிளாஸில் மரத்தட்டின் வாசம் ஏறியிருக்கும், பிறகு அதை ஒயின் மீது சுமத்துவார்கள்.

50 முதல் 60 மி.லி. ஊற்றி, வெள்ளைத் தாளுக்கு மேல் சாய்த்துப் பாருங்கள். ஓரம் வரை கருத்த நிறம் வேண்டுமென்று எதிர்பார்க்காதீர்கள். லிஸ்தான் நெக்ரோ நடுத்தர மாணிக்கச் சிவப்பு. கிளாஸுக்குப் பின்னால் இருக்கும் எழுத்தைப் படிக்க முடிந்தாலும் குறையல்ல. ஓரம் செங்கல் நிறமாகியிருந்து ஆண்டு புதிதாக இருந்தால்தான் சேமிப்பில் வெயில் பட்டிருக்கிறதோ என்று சந்தேகிக்கலாம். வடிகட்டாத ஒயின்கள் சற்றுக் கலங்கலாக வருவது இயல்பு.

சுழற்றாமல் ஒரு மூச்சு, சுழற்றி இரண்டு மூச்சு. செந்நிறப் பழங்கள் முதலில் வரும்: ராஸ்பெரி, சிவப்புச் சீமைத்திராட்சை. அதன் மேல் இடித்த கருமிளகு, உலர்ந்த மூலிகை, கடைசியாகச் சாம்பல். மிளகைக் கண்டுபிடிக்க முடியாவிட்டால் நான்கு மிளகைத் தட்டிப் பக்கத்தில் வைத்து மாறி மாறி முகருங்கள். மூக்குக்கு ஒப்பீடு தந்தால் சட்டென்று பிடித்துக்கொள்ளும்.

இரண்டு தேக்கரண்டியளவு, அதாவது 8 முதல் 10 மி.லி., வாயில் எடுத்து 5 விநாடி நாக்கு முழுக்கப் பரப்புங்கள். உதட்டை லேசாகத் திறந்து காற்றை உள்ளிழுத்தால் மணம் பின்மூக்குக்குப் போகும். புளிப்பை அளக்க: உமிழ்ந்த பின் தலையைக் குனிந்து, தாடையின் இருபக்கமும் எச்சில் எவ்வளவு வேகமாக ஊறுகிறது என்று கவனியுங்கள். துவர்ப்பை அளக்க: நாக்கால் மேல் ஈறைத் தடவுங்கள். மாவு தேய்த்த உணர்வு மட்டும் வந்தால் சரி. நாக்கு ஒட்டிப் பிடித்தால் அது இந்த ஒயினுக்கு அதிகம், காம்போடு நீண்ட நாள் ஊறவிட்டிருப்பார்கள். சூட்டை அளக்க: தொண்டையில் எரிச்சல் இருக்கக் கூடாது. சுவை எத்தனை விநாடி நிற்கிறது என்று எண்ணுங்கள். நல்ல லிஸ்தான் நெக்ரோவில் பழம் முதலில் மறையும், மிளகும் உவர்ப்பும் 10 விநாடிக்கு மேல் நிற்கும். பழம் மட்டும் நின்று இனிப்பாக முடிந்தால், அது எந்த நாட்டிலும் செய்யக்கூடிய ஒயின்.

மூன்றுக்கு மேல் சுவைத்தால் உமிழ்வதே நல்லது. விழுங்கிக்கொண்டே போனால் நான்காவது கிளாஸ் எப்போதும் நன்றாகத்தான் இருக்கும்.

வெப்ப விதியை நம்பாதவர்கள் ஒரு சோதனை செய்யலாம். ஒரே பாட்டிலிலிருந்து மூன்று கிளாஸ்: ஒன்று 10 டிகிரி, ஒன்று 15, ஒன்று 22. பத்தில் மணம் மூடிக்கிடக்கும், துவர்ப்பு கடினமாகும். இருபத்திரண்டில் சாராய நெடி முன்னே வந்து மிளகை விழுங்கும். பதினைந்தில் எல்லாம் தத்தம் இடத்தில் இருக்கும்.

தட்டோடு சேர்ப்பதற்கான அடிப்படை

உணவும் ஒயினும் ஒன்றையொன்று எப்படி மாற்றுகின்றன என்பதை நாக்கிலேயே தெரிந்துகொள்ள, ஒரு வேளைச் சமையலுக்கு முன் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். வேகவைத்த உருளைக்கிழங்குத் துண்டுகளை நான்காகப் பிரியுங்கள்: ஒன்று வெறும் கிழங்கு, ஒன்றில் நல்ல உப்பு, ஒன்றில் நான்கு சொட்டு வினிகர், ஒன்றில் தேன் தடவல். ஒவ்வொன்றுக்கும் ஒயின், உணவு, ஒயின் என்ற வரிசை.

உப்பிட்ட கிழங்குக்குப் பின் துவர்ப்பும் கைப்பும் தணிந்து ஒயின் பழச்சுவையோடு வரும். வினிகர் தொட்டதற்குப் பின் ஒயினின் புளிப்பு குறைந்தது போலத் தெரியும். இந்த ஒயினில் புளிப்பு போதிய அளவு இருப்பதால் தாங்கும், புளிப்பில்லாத ஒயின் சப்பென்று ஆகிவிடும். தேனுக்குப் பின் ஒயின் கசந்து புளித்துக் காலியாகிவிடும். ஆகவே விதி எளிது: உப்பு நண்பன், அளவான வினிகர் நண்பன், இனிப்பு பகை. காரத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். மிளகாயின் எரிச்சலை ஆல்கஹாலும் துவர்ப்பும் ஏற்றிவிடும். 12.5 சதவீத ஒயினில் சகிக்கக்கூடிய காரம் 14.5-இல் நெருப்பாகும்.

தீவின் சமையலைப் பார்த்தால் இந்த விதிகளெல்லாம் யாரும் எழுதாமலே அங்கே நடைமுறையில் இருப்பது தெரியும்.

முதலில் செய்ய வேண்டியது: சுருங்கிய கிழங்கும் சிவப்பு மோஹோவும்

பப்பாஸ் அருகாதாஸ் என்ற உப்புக்கிழங்கு இல்லாமல் இந்த ஒயினை முழுதாகப் புரிந்துகொள்ள முடியாது. நான்கு பேருக்கு ஒரு கிலோ சிறு உருளைக்கிழங்கு, தோலோடு. எல்லாம் ஒரே அளவாக, எலுமிச்சம்பழத்தைவிடச் சிறியதாக இருக்க வேண்டும். வெட்டக் கூடாது, வெட்டினால் உப்பு உள்ளே இறங்கி வாயில் வைக்க முடியாது. கிழங்கு மூழ்கும் அளவுக்கு மட்டும் தண்ணீர், அதில் 200 முதல் 250 கிராம் கல்லுப்பு. பயப்பட வேண்டாம், பெரும்பகுதி தண்ணீரிலும் தோலிலும் தங்கிவிடும். 20 முதல் 25 நிமிடம் வேகவிட்டு, தண்ணீரை வடித்து, அதே பாத்திரத்தைச் சிறுதீயில் வைத்து 3 முதல் 5 நிமிடம் குலுக்குங்கள். தோல் சுருங்கி வெண்மையாக உப்புப் பூக்கும்போது இறக்க வேண்டும். தோல் சுருங்கவில்லை என்றால் கிழங்கு குழைய வெந்துவிட்டது அல்லது உப்பு போதவில்லை.

அதைத் தொட்டுக்கொள்ளும் சாஸான சிவப்பு மோஹோவுக்கு: லா பால்மாவின் பெரிய உலர்ந்த சிவப்பு மிளகாய் 2. கிடைக்காவிட்டால் காரமில்லாத, சதைப்பற்றுள்ள எந்த உலர்ந்த மிளகாயும் ஆகும். விதை நீக்கி வெந்நீரில் 30 நிமிடம் ஊறவையுங்கள். பூண்டு 4 பல், வறுத்த சீரகம் ஒரு தேக்கரண்டி, கல்லுப்பு அரைத் தேக்கரண்டி, காரத்துக்குச் சின்ன உலர்மிளகாய் ஒன்று, ஸ்பெயின் நாட்டு இனிப்பு மிளகாய்த்தூள் ஒரு தேக்கரண்டி. பூண்டு, உப்பு, சீரகத்தை முதலில் உரலில் இடித்து, பிறகு மிளகாய்ச் சதை சேர்த்து, கடைசியில் 100 மி.லி. ஆலிவ் எண்ணெயைச் சிறிது சிறிதாக விட்டு, 20 முதல் 25 மி.லி. ஒயின் வினிகர் சேருங்கள். மிக்ஸியில் எண்ணெயோடு சேர்த்து வேகமாக அரைத்தால் ஆலிவ் எண்ணெய் கசப்பேறும். ஒரு மணி நேரம் ஆறவிட்டுப் பரிமாறுங்கள்.

மோஹோவில் கெடும் இடங்கள் இரண்டு. வினிகர் 40 மி.லி.யைத் தாண்டினால் இந்த ஒயினாலும் ஈடுகொடுக்க முடியாது. மற்றது காரம். பூண்டும் சீரகமும் மிளகாயும் சேர்ந்த அரைப்பைப் பார்த்ததும் தமிழ்க் கைக்கு இன்னும் நான்கு மிளகாய் கூடப் போடத் தோன்றும். காரம் என்று பெயர் வாங்கிய தீவு மோஹோவே நம் அளவுக்கு மிதமானதுதான். கூட்டினால் மோஹோ நன்றாகத்தான் இருக்கும், ஒயின் மட்டும் எரியும் தண்ணீராகிவிடும். கொத்தமல்லித்தழை, பச்சை மிளகாய் போட்ட பச்சை மோஹோ பெரும்பாலும் மீனுக்கானது. மீனோடு என்றால் வெள்ளை ஒயினை எடுங்கள்.

பெரிய தட்டுகள்

சிறந்த ஜோடி என்று ஒன்றைத்தான் சொல்லலாம் என்றால் அது கோனெஹோ என் சல்மொரேஹோ. முயலைத் துண்டாக்கி, பூண்டு, இனிப்பு மிளகாய்த்தூள், தைம், ஒரேகானோ, பிரிஞ்சி இலை, வெள்ளை ஒயின், வினிகரில் ஓர் இரவு ஊறவைத்து, எண்ணெயில் பொரித்து, ஊறிய சாற்றிலேயே வேகவைப்பது. முயலின் சதை மெலிந்தது, கொழுப்பு குறைவு. அதிகத் துவர்ப்புள்ள ஒயின் அதை உலர வைத்துவிடும். லிஸ்தான் நெக்ரோவின் இலேசான துவர்ப்பு அதற்குச் சரியான அளவு. ஊறல் சாற்றைப் பாதியாக வற்றவிடுங்கள். தண்ணீராக இருந்தால் வினிகர் தனித்து நிற்கும். முயல் கிடைக்காவிட்டால் கோழித்தொடையில் அதே செய்முறை, ஊறல் நேரம் 4 மணியாகக் குறைத்து.

ஆட்டுக்கறிக் குழம்பான கார்னே தெ காப்ராவுக்குச் சற்றுக் கனமான பாட்டில் வேண்டும்: பழங்கொடி ஒயின், 16 டிகிரி. ஊறவைத்துப் பொரித்த பன்றியிறைச்சிக் கட்டிகளான கார்னே ஃபியெஸ்தாவுக்கு இளையது போதும், 13 டிகிரிவரை குளிர வைக்கலாம். பொரித்த கொழுப்பைப் புளிப்பும் குளிர்ச்சியும் சேர்ந்து வெட்டும். பன்றி விலா, உருளைக்கிழங்கு, மக்காச்சோளம் மூன்றையும் ஒன்றாக அவித்துப் பச்சை மோஹோ ஊற்றும் தட்டுக்கும் அதே இளைய ஒயின்.

சீஸில் ஃபுவெர்தெவெந்துராவின் மஹொரேரோ ஆட்டுப்பால் சீஸ். நடுத்தர முதிர்ச்சியுள்ளதாக, மேலே மிளகாய்த்தூள் தடவியதாக வாங்குங்கள். ஃபிரிட்ஜுக்கு வெளியே 40 நிமிடம் வைத்துவிட்டு வெட்டினால்தான் மணம் வரும். லா பால்மாவின் புகையூட்டிய ஆட்டுப்பால் சீஸ் இன்னும் பொருத்தம், புகைக்குப் புகை. லா கொமேராவின் அல்மொக்ரோதே, அதாவது முற்றிய சீஸைப் பூண்டும் மிளகாயும் எண்ணெயும் சேர்த்து அரைத்த விழுது, மிக வலிமையானது. ரொட்டியில் மெல்லிய பூச்சாகத் தடவினால் ஒயின் பிழைக்கும், தடித்த பூச்சில் மூழ்கிவிடும்.

மீனில் கவனம். எண்ணெய்ச் சத்துள்ள மீனும் சிவப்பு ஒயினும் சேர்ந்தால் வாயில் உலோகமும் கவிச்சியும் வரும். ஒயினில் உள்ள இரும்பு மீனெண்ணெயோடு வினைபுரிவதுதான் காரணம். மத்தி, கானாங்கெளுத்தி வேண்டாம். விதிவிலக்கு சூரை: தடித்த துண்டாகச் சுட்டு, உள்ளே சிவப்பாக விட்டு, சிவப்பு மோஹோ தடவினால் 12 டிகிரியில் வைத்த பழத்தொட்டி முறை ஒயின் பொருந்தும். முதலில் ஒரு வாய் உண்டு ஒரு மிடறு குடித்துப் பாருங்கள்; உலோகச் சுவை எட்டிப் பார்த்தால் மேசையில் வெள்ளைக்கு மாறிவிடுங்கள்.

தவிர்க்க வேண்டியவை: வெண்ணெயும் கிரீமும் மிகுந்த குழம்புகள், இனிப்புச் சாஸில் ஊறிய விலா எலும்பு, சாக்லேட், நீலப்பூஞ்சணச் சீஸ், வேகவைத்த முட்டை. தடித்த ஸ்டேக்கும் இந்தப் பட்டியலில்தான். கெட்டுவிடாது, ஆனால் ஒயின் காணாமல் போகும்.

தெனெரிஃபேயின் வடக்கே போக வாய்ப்புள்ளவர்கள் குவாச்சின்சேயைத் தேடுங்கள். திராட்சை பயிரிடும் குடும்பம் தன் வீட்டிலோ பட்டறையிலோ தன் சொந்த ஒயினை விற்கும் இடம். கூடவே இரண்டு மூன்று வீட்டுச் சமையல். சுற்றுலாப் பயணிகளுக்காக அந்தப் பெயரை மாட்டிக்கொண்ட சாதாரண உணவகங்கள் பெருகியதால், யார் அந்தப் பெயரை வைக்கலாம் என்பதைக் கேனரி அரசு 2013-இல் விதி போட்டு வரையறுத்தது. நீண்ட மெனுவும் பீரும் பாட்டில் ஒயின்களும் இருந்தால் அது குவாச்சின்சே அல்ல. ஜாடியில் வரும் இளைய ஒயின் ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு மாதிரி. குறையும் இருக்கும், அதனால் முதலில் கால் லிட்டர் மட்டும் கேளுங்கள்.

வேறு எரிமலைத் தீவுகள்

சிசிலியின் எத்னா சரிவில் விளையும் நெரெல்லோ மஸ்கலேசே ஒயினும் இதே அலமாரியில் இருக்கும், ஆனால் மேலே சொன்ன முறைகளை அப்படியே அதற்குப் போடக் கூடாது. நிறம் வெளிறியிருந்தாலும் துவர்ப்பு அதிகம். 16 முதல் 17 டிகிரி, திறந்து ஒரு மணி நேரம் ஜாடியில், கொழுப்புள்ள ஆட்டிறைச்சி அல்லது காளான் போன்ற தட்டு. சந்தொரினியின் மவ்ரோத்ராகனோ அதைவிடவும் கனம். அசோரஸின் பீக்கோ தீவு வெள்ளைக்குத்தான் பேர்போனது. "எரிமலை ஒயின்" என்று ஒரே தலைப்பில் இவற்றை அடுக்கி ஒரே உணவைப் பரிந்துரைக்கும் உணவக மெனுவை நம்ப வேண்டாம்.

மிஞ்சியது

பாதிப் பாட்டில் மிஞ்சினால் கார்க்கைத் திருப்பி அடைத்து நிமிர்த்தி ஃபிரிட்ஜில் வையுங்கள். இலேசான ஒயின் 2 நாள், பழங்கொடி ஒயின் 3 நாள் தாங்கும். கந்தக நாற்றத்தோடு திறந்த பாட்டில் மறுநாள்தான் நன்றாக இருக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். முதல் நாள் பிடிக்கவில்லை என்று கொட்டிவிடாதீர்கள். கால் பாட்டிலுக்கும் குறைவாக மிஞ்சினால் அதைவிடச் சிறிய பாட்டிலில் கழுத்து நிறைய ஊற்றி மூடுங்கள், காற்று குறையும். மூன்றாம் நாளுக்குப் பின் அது சமையலுக்கு: 150 மி.லி. ஒயினை மூன்றில் ஒரு பங்காக வற்றவிட்டு, அடுத்த முறை ஆட்டுக்கறிக் குழம்பு கொதிக்கும்போது சேர்க்கலாம். வினிகர் நெடி ஏறியிருந்தால் குழம்பில் ஊற்றாதீர்கள். மோஹோவில் வினிகரின் பாதியளவுக்குப் பதிலாக அது ஆகும்.